நடைக்கு வெளியே நிற்பவள்

குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே, ரப்பர் மரங்களும் மரச்சீனி விளைகளும் சூழ்ந்த ஒரு வீட்டில் நான் வளர்ந்தேன். வீட்டுக்குள் தமிழ் பேசினோம். சந்தையில் பாதிக்குப் பாதி மலையாளம் பேசினோம். தொலைக்காட்சியில் இரண்டு மொழிகளையும் பார்த்தோம். 2004-ஆம் ஆண்டில் ஏஷியாநெட்டில் ‘கடமற்றத்துக் கத்தனார்’ தொடர் வரத் தொடங்கியபோது, எங்கள் பாட்டி அதற்காகவே இரவுக் கஞ்சியை முன்கூட்டிக் குடித்துவிட்டு, சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்துகொள்வாள். அவள் திருவிதாங்கூர் இராச்சியத்தில் பிறந்தவள். 1956 நவம்பர் 1 அன்று எங்கள் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அதனால் மலையாளமோ, அந்தக் கதையில் வரும் யட்சியோ அவளுக்கு அயலார் அல்லர்.

மந்திரவாதப் பாதிரியாரான கத்தனார் யட்சியின் உச்சந்தலையில் இரும்பாணியை அறைந்து அவளை அடக்கிய இரவு எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளையான நான், இனி பயமில்லை என்று பெருமூச்சு விட்டேன். பாட்டி மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “அந்த ஆணி நிக்காது மக்ளே. எவளாவது ஒருத்தி தலை பாக்கும்போ பிடுங்கிப் போடுவா.” பிறகு எழுந்து போய் முன்நடைக் கதவின் தாழ்ப்பாளை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

கொட்டாரத்தில் சங்குண்ணி தொகுத்த, கேரளத்துப் பழங்கதைகளின் தொகுப்பான ‘ஐதிகமாலை’யில் உள்ள கதையும் அப்படித்தான் போகிறது. பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் போகும் காட்டு வழியில் ஒரு யட்சி நின்று, போவோர் வருவோரிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கிறாள். அவள் அழகில் மயங்கிப் பின்னால் போனவர்கள் திரும்பி வருவதில்லை. விடிந்ததும் பனைமரத்தின் அடியில் மயிரும் நகமும் பல்லுமே கிடக்கும். அவளைக் கத்தனார் ஆணி அறைந்து சாதாரணப் பெண்ணாக மாற்றி உடன் அழைத்துக்கொண்டு போகிறார். காயங்குளத்தில் ஒரு மூதாட்டி அவளுக்குத் தலை கோதிவிடும்போது ஆணி விரலில் தட்டுப்படுகிறது. மூதாட்டி அதைப் பிடுங்கிவிடுகிறாள். யட்சி அந்தக் கணமே தப்பி மறைகிறாள். இதில் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்தி வைப்பது அந்த மூதாட்டியின் கை. அவள் மந்திரவாதத்தை முறிக்க நினைத்தவள் அல்லள். யாருக்கும் கேடு செய்ய நினைத்தவளும் அல்லள். ஒரு பெண்ணின் தலையில் இரும்பு ஏறியிருக்கிறதே என்று பதறினாள், அவ்வளவுதான்.

இரத்தம் குடிக்கும் பிறவிகளும் மாய உயிர்களும் தொலைக்காட்சித் தொடர்களை விட்டு ஏன் போவதே இல்லை என்ற கேள்விக்கு, இந்தக் காட்சிக்குள்தான் என் விடை இருக்கிறது. திரைப்படத்துக்கு இரண்டு மணி நேரம், போனால் மூன்று மணி நேரம் கிடைக்கிறது. அதற்குள் பேயைக் காட்டி, பயமுறுத்தி, ஆணியை அறைந்து முடித்தாக வேண்டும். தொடருக்கு மாதங்களும் ஆண்டுகளும் கிடைக்கின்றன. அது பேயின் பக்கத்தில் உட்கார்ந்து, தலைமயிரைப் பிரித்து, பொறுமையாகக் கோதுகிறது. கோதக் கோத ஆணி விரலில் தட்டுப்படாமல் போகாது.

இந்த இடங்களைப் பார்த்தால் கதை இன்னும் தெளிவாகும். யட்சிகளில் பெயர் பெற்ற கள்ளியங்காட்டு நீலியின் கள்ளியங்காடு, நாகர்கோவிலை ஒட்டிப் பார்வதிபுரத்துப் பக்கம் இருக்கிறது. இன்று அங்கே காடு இல்லை, வீடுகளும் கடைகளும் நெரிசலும்தான் இருக்கின்றன. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த பத்மநாபபுரத்தின் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிறது, ஆனால் அதைப் பராமரிப்பது கேரள அரசின் தொல்லியல் துறை. இரண்டு அரசுகள், இரண்டு மொழிகள், நடுவே ஆள் நடமாட்டமில்லாத ஒரு வழி: யட்சி நின்ற இடம் அதுதான். ஊருக்குள் அவளுக்கு இடமில்லை. முற்றிலும் காட்டுக்குப் போகவும் அவளுக்கு மனமில்லை.

ஐரோப்பாவின் இரத்தக்காட்டேரி உலகுக்குத் தெரியவந்ததும் இதுபோன்ற ஓர் எல்லை நிலத்தில்தான் என்று படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. 1718-ஆம் ஆண்டின் உடன்படிக்கைக்குப் பிறகு செர்பியாவின் வடபகுதி துருக்கியரிடமிருந்து ஆஸ்திரிய ஆட்சியின் கைக்கு வந்தது. அங்கே கிசிலோவா என்னும் சிற்றூரில் 1725-இல் பீட்டர் பிளாகோயெவிச் என்ற குடியானவர் இறந்தார். அதற்குப் பிறகு எட்டு நாளில் ஒன்பது பேர் இறந்துபோக, இறந்த அவரே திரும்பி வந்து கொல்கிறார் என்று நம்பிய ஊரார் அவருடைய கல்லறையைத் தோண்ட அனுமதி கேட்டு நின்றார்கள். அதை நேரில் பார்த்த ஆஸ்திரிய அதிகாரி மேலிடத்துக்கு எழுதிய அறிக்கை வியன்னாவின் செய்தித்தாளில் வெளிவந்தது. 1732-இல் மெத்வெகியா என்ற ஊரைப் பற்றி ஒரு படை மருத்துவர் எழுதிய அறிக்கை அதைவிடப் பெரிய பரபரப்பைக் கிளப்பியது. ‘வாம்பயர்’ என்ற செர்பியக் குடியானவர்களின் சொல் அதிகாரிகளின் ஜெர்மன் தாள்களுக்குள் நுழைந்து, அங்கிருந்து ஐரோப்பா முழுவதும் பரவியது. கடைசியில், 1755-இல் பேரரசி மரியா தெரேசா தம் மருத்துவர் வான் ஸ்வீட்டனின் ஆய்வைக் கேட்டு, கல்லறைகளைத் தோண்டும் வழக்கத்தைத் தடை செய்ய வேண்டியதாயிற்று.

அந்த 1725-ஆம் ஆண்டு அறிக்கையில் உள்ள ஒரு சிறு செய்தியை என்னால் மறக்க முடியவில்லை. இறந்துபோன பிளாகோயெவிச் தன்னிடம் வந்து தன் செருப்பைக் கேட்டதாக அவருடைய மனைவி சொல்லிவிட்டு, ஊரை விட்டே போய்விட்டாள் என்கிறது அது. எங்கள் வழியில் நின்றவள் சுண்ணாம்பு கேட்டாள். அங்கே வந்தவர் செருப்புக் கேட்டார். இரண்டுமே மிகச் சிறிய பொருள்கள். நாள்தோறும் கையில் புழங்கும் பொருள்கள். இறந்தவர்கள் பொன்னும் நிலமும் கேட்டு வருவதில்லை. வீட்டில் தாங்கள் விட்டுப்போன அன்றாடத்தின் ஒரு துணுக்கைக் கேட்டு வருகிறார்கள். கொடுப்பதா, மறுப்பதா என்ற தயக்கத்திலிருந்துதான் கதையே தொடங்குகிறது.

1897-இல் வெளிவந்த ‘டிராகுலா’ நாவல், வீட்டார் ஒருவர் வா என்று அழைக்காமல் இரத்தக்காட்டேரி முதன்முறை உள்ளே நுழைய முடியாது என்ற விதியை உலகெங்கும் நிலைநாட்டியது. அந்த நாவலின் டிராகுலா வலிமை குன்றியவனாகப் பகலிலும் நடமாடுகிறான். வெயில் பட்டால் அழிந்துவிடுவான் என்ற விதி 1922-இல் வந்த ஜெர்மானிய ஊமைப்படமான ‘நோஸ்ஃபெராட்டு’வோடு சேர்ந்து வந்தது. காலத்துக்கு ஏற்ப விதிகள் கூடின, குறைந்தன. ஆனால் நடையில் நின்று உத்தரவு கேட்கும் விதி மட்டும் தொலைக்காட்சிக்கென்றே செய்து வைத்ததுபோல் பொருந்தியது. திரையரங்குக்கு நாம் போகிறோம். தொலைக்காட்சியோ நம் முற்றத்தைக் கடந்து, நாம் கஞ்சி குடிக்கும் இடத்துக்கு வருகிறது. பொத்தானை அழுத்தி அதை உள்ளே அழைப்பது நாம்தான். பாட்டி அந்த இரவில் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்ததை நான் அப்போது பயம் என்று நினைத்தேன். அழைத்துவிட்டோம் என்பதை அவள் அறிந்திருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது.

அமெரிக்காவின் ஏபிசி நிறுவனம் 1966 ஜூனில் ‘டார்க் ஷேடோஸ்’ என்ற பகல்நேரத் தொடரைத் தொடங்கியபோது அதில் இரத்தக்காட்டேரி யாரும் இல்லை. கடலோரத்து மாளிகை ஒன்று, பணக்காரக் குடும்பம் ஒன்று, வேலைக்கு வந்த ஓர் இளம்பெண் என்று வழக்கமான குடும்பத் தொடராகவே அது போய்க்கொண்டிருந்தது. பார்ப்பவர்கள் குறைவாக இருந்ததால் தொடர் நின்றுபோகும் நிலை வந்தது. 1967 ஏப்ரலில், நகை தேடிப்போன ஒருவன் குடும்பக் கல்லறையில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த பெட்டியைத் திறக்கிறான். அதிலிருந்து பர்னபாஸ் காலின்ஸ் வெளியே வருகிறான். சில வாரங்களுக்கு அச்சமூட்டிவிட்டு அழிந்துபோக வேண்டிய பாத்திரமாகத்தான் அவனை வைத்திருந்தார்கள். ஆனால் ஜோனதன் ஃப்ரிட் என்ற நடிகர், தான் செய்வதை எண்ணித் தானே வெட்கப்படுபவனாக, இழந்த காதலியைத் தேடித் தவிப்பவனாக அவனை நடித்தார். பள்ளி விட்டதும் பிள்ளைகள் வீட்டுக்கு ஓடி வந்து பார்த்தார்கள். இல்லத்தரசிகள் கடிதம் எழுதினார்கள். எழுத்தாளர்கள் அவனைக் கொல்ல முடியாமல், அவன் எப்படி இப்படி ஆனான் என்பதைச் சொல்லக் கதையைப் பல தலைமுறைகளுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். 1971 ஏப்ரலில் தொடர் முடிந்தபோது 1,225 பகுதிகள் ஆகியிருந்தன.

இதில் நான் காண்பது காயங்குளத்து மூதாட்டியைத்தான். திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பல்லாயிரம் பேர், கெட்டவன் என்று காட்டப்பட்ட ஒருவனின் தலையைக் கோதி, அங்கே ஓர் ஆணி இருப்பதை உணர்ந்து, அதைப் பிடுங்கிப் போட்டார்கள். அதன்பிறகு தொலைக்காட்சிக்கு வந்த துயரம் தோய்ந்த இரத்தக்காட்டேரிகள் எல்லோரும் பர்னபாஸின் வழியில் வந்தவர்களே என்று நான் நினைக்கிறேன்.

எங்கள் மரபுக்கு இந்தத் தொடர் வடிவம் புதியதன்று. விக்கிரமாதித்தன் தோளில் தூக்கிவரும் வேதாளம் வழியில் ஒரு கதை சொல்லும். முடிவில் ஒரு கேள்வி கேட்கும். அவன் வாய் திறந்ததும் மறுபடி முருங்கை மரத்துக்கே ஏறிவிடும். இதைவிடக் கச்சிதமான ஒரு தொடரை எந்தத் தொலைக்காட்சியும் இதுவரை கண்டுபிடித்ததில்லை. தூர்தர்ஷனில் 1980-களில் அது இந்தித் தொடராக வந்தது. அதற்கும் நூறாண்டுகளுக்கு முன்பு, 1870-இல், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற ஆங்கிலேயர் வேதாளக் கதைகளைத் தம் மொழியில் எழுதியபோது, தலைப்பில் வேதாளத்தை இரத்தக்காட்டேரி என்றே பெயரிட்டார். நம் வேதாளம் இரத்தம் குடிப்பதைவிட நியாயம் கேட்பதில்தான் நாட்டம் கொண்டது. ஆகவே அந்தப் பெயர் பிழையானது. ஆனால் சாகாததும் முடியாததும் ஒன்றேதான் என்று அவருக்குத் தோன்றியிருக்குமானால், அந்த அளவில் அது பிழையில்லை.

வில்லுப்பாட்டைச் சொல்லாமல் இதைக் கடந்துபோக என்னால் முடியாது. கோயில் கொடையில், அதாவது ஊர்த் திருவிழாவில், இரவு முழுதும், சில ஊர்களில் ஓர் இரவுக்கு மேலும், புலவர் வீசுகோலால் வில்லின் நாணைத் தட்டித் தெய்வத்தின் பிறப்பு முதல் இறப்பு வரை பாடுவார். நீலி கதையை நான் அப்படித்தான் முதலில் கேட்டேன். தன்னை நம்பி வந்தவளைப் பொன்னுக்காகக் கொன்றவன் மறுபிறவி எடுக்கிறான். கொல்லப்பட்டவள் நீலியாகப் பிறந்து, கள்ளிக் கொப்பை ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவனைப் பின்தொடர்கிறாள். அவன் ஊராரிடம் அடைக்கலம் புகுகிறான். அவள் பாயவில்லை, கடிக்கவில்லை. ஊர்ச்சபையின் முன்னால் போய் நின்று, இவன் என் கணவன், என்னைக் கைவிட்டான் என்று வழக்குரைக்கிறாள். கையில் இருந்த பிள்ளை அவனைப் பார்த்து அப்பா என்கிறது. சபை அவள் பக்கம் தீர்ப்புச் சொல்கிறது. வடக்கே திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் வழங்கும் வடிவத்தில், அவன் உயிருக்கு உறுதிமொழி கொடுத்த வேளாளர் எழுபது பேர், நீலி அவனைக் கொன்றதும், சொல் தவறியதற்காக உயிரையே விட்டார்கள். ஏழாம் நூற்றாண்டிலேயே திருஞானசம்பந்தர் தம் ஆலங்காட்டுப் பதிகத்தில், வஞ்சனையால் உயிர்கொண்ட ஒருத்தியைக் குறிப்பிடுகிறார்.

பொய்யழுகையை நாம் நீலிக்கண்ணீர் என்கிறோம். எனக்கு அந்தச் சொல் எப்போதும் உறுத்தும். அவள் சபையில் சொன்ன உறவு பொய்யாக இருக்கலாம். ஆனால் அவளுக்கு நேர்ந்தது பொய்யன்று. முற்பிறவியில் நடந்த கொலைக்கு இந்தப் பிறவியின் சபையில் சாட்சி இல்லை, ஆவணம் இல்லை. உண்மையைச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை என்பதால்தான் அவள் சபைக்குப் புரியும் ஒரு வழக்கைக் கையில் எடுத்தாள். வில்லுப்பாட்டு அவளுடைய கொலையிலிருந்து தொடங்குவதால், கேட்டுக்கொண்டிருக்கும் பெண்களுக்கு அது தெரியும். பாட்டின் அந்த இடத்தில் என் பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

யட்சி என்ற சொல்லே தமிழில் இயக்கியாகி, எங்கள் பக்கத்தில் இசக்கியாகி நிற்கிறது. சிலப்பதிகாரத்தில் மாதரி மதுரையின் புறநகரில் இயக்கிக்குப் பால்மடை கொடுத்துத் திரும்பும்போதுதான் கண்ணகியையும் கோவலனையும் காண்கிறாள். மார்த்தாண்டத்துக்கு வடக்கே சிதறால் மலையில் சமணரின் இயக்கி பகவதியாக வழிபடப்படுகிறாள். ஆரல்வாய்மொழிக் கணவாயில், காற்றாலைகள் சுழலும் முப்பந்தலில், பேருந்தை நிறுத்தி இசக்கியம்மனுக்குக் கும்பிட்டுவிட்டுப் போகாத ஓட்டுநர் குறைவு. கையில் ஒரு குழந்தையும் வாயில் ஒரு குழந்தையுமாக இசக்கியின் உருவத்தை வைத்திருக்கும் கோயில்கள் உண்டு. அந்த உருவத்தின் முன்னால்தான் பிள்ளையில்லாத பெண்கள் தொட்டில் கட்டி வேண்டிக்கொள்கிறார்கள். கொல்பவளும் கொடுப்பவளும் ஒருத்தியே என்பதை ஏற்றுக்கொள்ள எங்கள் ஊருக்கு ஒருநாளும் சிரமம் இருந்ததில்லை. மேற்கத்தியத் தொடர்கள் ஐம்பது ஆண்டுகளாக இந்த ஏற்பைத் தேடித்தான் மெல்ல நடந்துவருகின்றன என்பது என் எண்ணம்.

அந்தத் தேடலில் மிக ஆழமாகப் போனது, 1997 முதல் 2003 வரை 144 பகுதிகள் வந்த ‘பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்’ என்பேன். கல்லூரி விடுதியில் தோழியின் கணினியில், விட்டுவிட்டு ஓடும் படத்தில் அதைப் பார்த்தேன். இரத்தக்காட்டேரிகளைக் கொல்லப் பிறந்த பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி, சாபத்தால் ஆன்மாவைத் திரும்பப் பெற்ற ஏஞ்சல் என்ற இரத்தக்காட்டேரியைக் காதலிக்கிறாள். ஒரு கணம் முழு மகிழ்ச்சியை உணர்ந்தாலும் அந்த ஆன்மா அவனை விட்டுப் போய்விடும் என்பது சாபத்தின் மறுபாதி. அவர்கள் கூடிய இரவுக்கு மறுநாள் அவன் வேறு ஆளாக, அவளை ஏளனம் செய்பவனாக மாறியிருக்கிறான். பேய் பிசாசு எதுவும் இல்லாமலேயே இப்படி ஒரு விடியலைச் சந்தித்த பெண்கள் எத்தனை பேர்! நடப்புக் கதையாக எழுதியிருந்தால் நூற்றில் ஒன்றாகக் கடந்துபோயிருக்கும் அந்த நிகழ்ச்சி, பல் முளைத்த ஒருவனின் முகத்தில் வைத்துச் சொல்லப்பட்டதால் அதன் முழுக் கொடுமையோடும் நிற்கிறது. மாயப்பிறவிகள் வாழ்க்கையை மறைப்பதற்காக வருவதில்லை. வெளியில் சொன்னால் சிறிதாகத் தெரியும் வலிக்கு அதற்குரிய உயரத்தைக் கொடுக்கவே வருகின்றன.

அதே தொடரில் 2001 பிப்ரவரியில் வந்த ‘தி பாடி’ என்ற பகுதியை நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். மூன்றாம் முறைக்கு மனம் துணியவில்லை. பஃபி வீட்டுக்குள் நுழைகிறாள்; அவளுடைய தாய் சோபாவில் இறந்து கிடக்கிறாள். எந்தப் பேயும் செய்த கொலையன்று. மூளையின் இரத்தக்குழாய் வெடித்து வந்த சாவு. அந்தப் பகுதியில் பின்னணி இசையே கிடையாது. கடைசியில் சவக்கிடங்கில் ஒரே ஓர் இரத்தக்காட்டேரி எழுகிறது. அதோடு அவள் கட்டிப் புரளும்போது, இத்தனை நாள் அச்சமூட்டிய அந்த உருவம் அம்மாவின் உடலுக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லாததாகிவிடுகிறது. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் பேய்களோடு பழகிய தொடரால்தான் பேயில்லாத சாவை இவ்வளவு அருகில் காட்ட முடிந்தது.

தமிழில் இந்த ஆழத்தைத் தொட்டது, 1990-களின் பின்பாதியில் சன் தொலைக்காட்சியில் வந்த ‘மர்மதேசம்’ வரிசையின் ‘விடாது கருப்பு’. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கினார். ஊரில் குற்றம் செய்தவர்கள் தண்டிக்கப்படுகிறார்கள். குதிரைக் குளம்பொலி கேட்கிறது. தண்டிப்பது கருப்புசாமியா, மனித மனத்தின் நோயா என்ற கேள்வியை அந்தத் தொடர் அவசரப்பட்டு முடித்து வைக்கவில்லை. மருத்துவத்தின் சொல்லையும் கோயிலின் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, இரண்டுக்கும் உரிய மரியாதையைக் கொடுத்தது. கொடையில், சாமி இறங்கும் கோமரத்தாடி ஆடி வரும்போது எங்கள் ஊரில் படித்தவர்களும் எழுந்து நிற்பார்கள். அந்த எழுந்து நிற்றலில் நம்பிக்கை எவ்வளவு, மரியாதை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ‘விடாது கருப்பு’ அந்தப் பிரிக்க முடியாத இடத்தை அறிந்திருந்தது.

அதற்குப் பின் வந்தவற்றில் பலவற்றின் மீது எனக்கு வருத்தம் உண்டு. 2015 நவம்பரில் தொடங்கிய இந்தித் தொடர் ‘நாகினி’ தமிழில் ஒலிமாற்றம் செய்யப்பட்டு வீடுவீடாகப் பார்க்கப்பட்டது. 2017-இல் சன் தொலைக்காட்சியில் ‘நந்தினி’ வந்தது. இரண்டின் தொடக்கத்திலும் பழிவாங்க வந்த பெண்ணுக்கு ஒரு நியாயம் இருந்தது. அதுவரை நான் ஆவலோடு பார்த்தேன். போகப்போகக் கணினி செய்த பாம்புகள் பெருத்தன, மந்திரக்கற்களும் மாந்திரீகர்களும் பெருத்தார்கள், அவளுக்கு என்ன நேர்ந்தது என்பதை நினைத்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லாமல் போயிற்று. தலையைக் கோதுவதை நிறுத்திவிட்டு, மயிரின் நீளத்தை மட்டும் காட்டத் தொடங்கியதுபோல் இருந்தது. இருந்தும் மக்கள் பார்த்தார்கள் என்றால், முதல் மாதங்களில் கேட்ட அந்த முறையீட்டின் எதிரொலிக்காகவே பார்த்தார்கள் என்று நம்புகிறேன்.

‘ட்ரூ பிளட்’ தொடரில் செயற்கை இரத்தம் கண்டுபிடிக்கப்பட்டதும் இரத்தக்காட்டேரிகள் தங்களை வெளிப்படுத்திக்கொண்டு, குடிமக்களுக்கு உரிய உரிமைகளைக் கேட்கிறார்கள். கருத்து எனக்குப் பிடித்திருந்தது; பிற்பகுதிகள் பிடிக்கவில்லை. அதைவிட 2021-இல் நெட்ஃபிளிக்ஸில் ஏழே பகுதிகளாக வந்த, மைக் ஃபிளனகனின் ‘மிட்நைட் மாஸ்’ எங்கள் கடற்கரைக்கு மிக அருகில் இருந்தது. மீன்வளம் குன்றிய ஒரு சிறு தீவு, அங்கே ஒரு கத்தோலிக்கக் கோயில், இளைஞர்கள் வெளியூர் போய்விட்டதால் பாதி காலியான இருக்கைகள். அங்கே வரும் பாதிரியார், பாலைவனத்தில் தம்மைக் கடித்த உயிரைத் தேவதூதர் என்று மனதார நம்புகிறார். அதன் இரத்தத்தைத் திருப்பலி இரசத்தில் கலந்து மக்களுக்குக் கொடுக்கிறார். அவர் கெட்டவர் அல்லர். முதுமையும் மறதியும் மரணமும் இல்லாமல், தாம் நேசித்தவர்களோடு இன்னும் ஒருமுறை வாழ வேண்டும் என்று ஆசைப்பட்டவர். இனயத்திலும் தூத்தூரிலும் கடலுக்குப் போனவர்கள் திரும்பாத வீடுகளை, 2017-இன் ஒக்கிப் புயலுக்குப் பிறகு நான் பார்த்திருக்கிறேன். அந்த வீடுகளில் இரவில் யாராவது கதவைத் தட்டினால், பயம் முந்துமா ஆசை முந்துமா என்று கேட்டால், எனக்கு விடை தெரியும். அந்தத் தொடர் அந்த விடையை அறிந்து எழுதப்பட்டது.

நெய்யாற்றின்கரையில் இருக்கும் என் அக்காள் மகள் இப்போது ‘வாம்பயர் டைரீஸ்’ தொடரைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எட்டுப் பருவங்கள், 171 பகுதிகள். 2025-இல் கள்ளியங்காட்டு நீலியைப் பெங்களூரு நகரத்தில் உலவவிட்ட ‘லோகா’ என்ற மலையாளப் படத்தையும் அவள் பார்த்தாள். வந்தவுடன் என்னிடம் கேட்டாள்: “சித்தி, நீலிக்க வீடு நம்ம ஊரு பக்கமா?” நான் அவளைப் பேருந்தில் பார்வதிபுரத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். பார்க்க அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. நெடுஞ்சாலையின் இரைச்சலுக்கு நடுவே நின்று, கொலையிலிருந்து தொடங்கி, கள்ளிக் கொப்பு பிள்ளையாகி அப்பா என்று சொன்னது வரை, கதை முழுவதையும் வில்லுப்பாட்டில் கேட்ட வரிசையிலேயே சொன்னேன். அவள் இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பும்போதுதான், அந்த ஊர்ச்சபையில் பெண்கள் யாராவது இருந்தார்களா என்று கேட்டாள்.

பாட்டி தன் கடைசி மாதங்களில் படுக்கையில் இருந்தாள். சாயங்காலங்களில் அவளுக்கு எண்ணெய் தேய்த்துத் தலை சீவிவிடுவது என் வேலை. மயிர் கொட்டி, தலை கைக்குள் அடங்கும் அளவுக்குச் சிறுத்துப் போயிருந்தது. அப்படியொரு நாளில், எந்தப் பேச்சும் நடக்காதபோது, கத்தனார் தொடர் முடிந்து எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு, அவள் கண்ணைத் திறக்காமலேயே சொன்னாள்: “அவளுக்கு வலிச்சிருக்கும்லா மக்ளே. அந்த ஆணி.”